யூத மறைஞானத்தில் எழுத்துமாற்று வாசிப்பு



யூதர்களின் தொழுகைக்கூடத்தில் வாசிக்கப்படும் தோரா இன்றும் கையால்தான் எழுதப்படுகிறது. மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து ஆகமங்களையும் அதற்கென்றே பயின்ற எழுத்தர் ஒருவர் தோல் சுருளில் இறகால் எழுதுகிறார். முழுவதும் மனப்பாடமாக இருந்தாலும் நினைவிலிருந்து எழுதக் கூடாது. மூலப்படியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே எழுத வேண்டும். மரபுக் கணக்குப்படி மொத்தம் 3,04,805 எழுத்துகள். அதில் ஒன்று விடுபட்டாலும், ஒன்று கூடினாலும், திருத்தும் வரை அந்தச் சுருள் சபையில் வாசிக்க ஆகாது. எழுத்தராகப் பிழைத்த ரபி மெயிரைப் பார்த்து ரபி இஸ்மவேல், ஓரெழுத்து கூடினாலோ குறைந்தாலோ உலகமே அழிந்துபோகும் என்று எச்சரித்ததாக யூத மரபுத் தொகுப்பான தால்முத் சொல்கிறது.

இவ்வளவு கறாரான இதே மரபுதான் வேதத்தின் எழுத்துகளைக் கலைத்து, முன்பின்னாக மாற்றி அடுக்கி, புதிய சொற்களாகப் படிக்கும் முறையையும் வளர்த்தது. எபிரேயத்தில் அதற்கு ட்செரூஃப் என்று பெயர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சொல்விளையாட்டாகவோ, ரகசியக் குறியீடாகவோ தோன்றும். இரண்டும் பொருந்தாது என்பது என் கருத்து. எழுத்து அசையாமல் நின்றதால்தான் சொல்லை அசைத்துப் பார்க்கும் துணிவு அவர்களுக்கு வந்தது. அந்தத் துணிவு எங்கே ஒளி தந்தது, எங்கே தடம் புரண்டது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைப் படித்தவர்கள், பகுதிக்கொரு தலைப்பாக ஆலெப், பேத், கிமெல் என்று வரும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை எபிரேய எழுத்துகளின் பெயர்கள். மொத்தம் 22, அத்தனையும் மெய்கள். உயிரொலிக்கான புள்ளிகளும் கோடுகளும் பிற்காலத்தில் வந்தவை. தோராச் சுருளில் அவை இன்றும் கிடையாது. தமிழில் ஓர் உயிர்மெய்யை இடம் மாற்றினால் அதன் உயிரும் கூடவே நகரும். எபிரேயத்தில் நகர்வது மெய் மட்டும். புதிய இடத்தில் எந்த உயிரோடு அதை ஒலிப்பது என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. பெரும்பாலான சொற்களும் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து பிறப்பவை. மூன்று மெய்களை ஆறு விதமாக அடுக்கலாம். அந்த ஆறில் இரண்டு மூன்றாவது உண்மையான சொல்லாகவே அமைந்துவிடும்.

அரபு மொழிக்கும் இதே அமைப்புதான்; அதனால் இந்தப் பழக்கம் எபிரேயத்தோடு நிற்கவில்லை. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் தொகுத்த அரபு அகராதி, ஒரு வேரின் எல்லா வரிசைமாற்றங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பொருள் சொல்கிறது. 10ஆம் நூற்றாண்டின் இலக்கணி இப்னு ஜின்னி, அப்படி மாறும் வடிவங்களுக்கு அடியில் பொதுவான ஒரு பொருள் ஓடுகிறது என்று வாதிட்டார். ஆனால் அரபு இலக்கணிகளுக்கு இது மொழியாராய்ச்சி. யூதர்களுக்கு இது வேதமே காட்டிக் கொடுத்த வழி.

வேதத்திலேயே இதன் தொடக்கம் இருக்கிறது. ஆதியாகமத்தில், நோவாவுக்குக் கடவுளின் கண்களில் கிருபை கிடைத்தது என்று ஒரு வாக்கியம். எபிரேயத்தில் நோவாவின் பெயர் நூன், கேத் என்ற இரண்டே எழுத்து. கிருபைக்கான சொல் அதே இரண்டையும் திருப்பிப் போட்டது. யூதாவின் மூத்த மகன் ஏர் பொல்லாதவனாக இருந்தான் என்று வரும் இடத்திலும், அவன் பெயரைத் திருப்பினால் பொல்லாங்கு என்ற சொல் கிடைக்கும். எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் சேசாக் என்றொரு நாட்டின் பெயர் வருகிறது. எந்த வரைபடத்திலும் அதைத் தேடிப் பயனில்லை. முதலெழுத்துக்குப் பதில் கடைசி எழுத்து, இரண்டாவதற்குப் பதில் கடைசிக்கு முந்தையது என்று அகரவரிசையை மடித்து மாற்றினால் சேசாக் பாபேலாக, அதாவது பாபிலோனாக மாறிவிடும். இந்த மாற்றுக்கு அத்பாஷ் என்று பெயர்.

இந்தச் சிதறல்களை ஒரு கொள்கையாக்கியது செஃபர் யெட்சீரா, அதாவது படைப்பின் நூல். மிகச் சிறிய நூல். எப்போது எழுதப்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள் பல நூற்றாண்டு வேறுபாடு உண்டு. 931இல் சாதியா காவோன் அதற்கு அரபியில் உரை எழுதும்போது அது ஏற்கெனவே மதிப்பு மிக்க பழைய நூல். கடவுள் 22 எழுத்துகளைச் செதுக்கி, நிறுத்து, மாற்றி, சேர்த்து அனைத்தையும் படைத்தார் என்கிறது அது. மூன்று தாயெழுத்துகள், ஏழு இரட்டையெழுத்துகள், பன்னிரண்டு எளிய எழுத்துகள் என்று வகுக்கிறது. பிறகு கணக்குக்கு வருகிறது. எழுத்துகளைக் கற்கள் என்றும் சொற்களை வீடுகள் என்றும் அழைத்து, இரண்டு கல் இரண்டு வீடு கட்டும், மூன்று கல் ஆறு, நான்கு கல் 24, ஐந்து கல் 120, ஆறு கல் 720, ஏழு கல் 5,040 என்று ஏறிப் போகிறது. அதற்கு மேல் வாயால் சொல்லவும் காதால் கேட்கவும் இயலாததை நீயே எண்ணிப் பார் என்று நிறுத்திவிடுகிறது. 22 எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 231 இணைகள் வரும். அவற்றை அந்த நூல் வாசல்கள் என்கிறது. படைக்கப்பட்ட ஒவ்வொன்றும் அந்த வாசல்கள் வழியாக வெளிவந்தது.

அந்த நூல் தரும் ஒரு சான்றை இங்கே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். ஆயின், நூன், கிமெல் என்ற மூன்றும் அந்த வரிசையில் நின்றால் ஓனெக், பேரின்பம். முதலில் நின்ற ஆயின் கடைசிக்குப் போனால் நெகா, கொள்ளைநோய். லேவியராகமத்தில் தோல்நோயைக் குறிக்க வரும் சொல் அது. நன்மையில் இன்பத்துக்கு மேல் ஒன்றுமில்லை, தீமையில் அந்த நோய்க்குக் கீழ் ஒன்றுமில்லை என்கிறது செஃபர் யெட்சீரா. இரண்டுக்கும் சரக்கு ஒன்றுதான். தீமைக்கென்று தனியாக ஒரு மூலப்பொருள் உலகத்தில் இல்லை, நன்மையின் எழுத்துகளே இடம் மாறி நிற்கும் நிலைதான் தீமை என்ற மிகப் பெரிய தத்துவம், வாதமோ விளக்கமோ இல்லாமல், ஓரெழுத்தின் நகர்வில் சொல்லப்பட்டுவிடுகிறது.

தால்முத்தின் அறிஞர்களும் இதை இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டிய பெசலெயேலுக்கு, வானமும் பூமியும் படைக்கப்பட்ட எழுத்துகளை இணைக்கத் தெரியும் என்றார்கள். ரபா என்பவர் ஒரு மனிதனைப் படைத்து ரபி ஸேராவிடம் அனுப்பியதாகவும், ஸேரா பேசிப் பார்க்க அவன் மறுமொழி சொல்லவில்லை என்றும் ஒரு கதை. ஓய்வுநாளுக்கு முந்தைய மாலைதோறும் இரண்டு அறிஞர்கள் படைப்பின் நூலைப் பயின்று ஒரு கன்றை உண்டாக்கி விருந்துண்டார்களாம். எழுத்துமாற்று முதலில் படைக்கும் வேலையாகத்தான் எண்ணப்பட்டது. உரைகாணும் முறையாக வளர்ந்தது பின்னால். உலகம் எந்த வழியில் உண்டானதோ அந்த வழியிலேயே வேதத்தையும் வாசிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது.

13ஆம் நூற்றாண்டில் கெரோனா நகரத்து நாக்மானிதெஸ் தம் தோரா உரையின் முன்னுரையில் இதற்கு அடித்தளம் போட்டார். தோரா முழுவதும் கடவுளின் பெயர்களே என்பது அவர் ஏற்ற மரபு. ஆதியில் அது சொற்பிரிப்பு இல்லாமல் ஒரே தொடராக எழுதப்பட்டிருந்தது. அதைப் பெயர்களாகவும் பிரித்துப் படிக்கலாம், நமக்குத் தெரிந்த கதையும் கட்டளையுமாகவும் பிரித்துப் படிக்கலாம். மோசேக்கு இரண்டாவது முறை எழுத்திலும் முதல் முறை வாய்மொழியாகவும் தரப்பட்டன என்கிறார். ஓரெழுத்து குறைந்த சுருள் ஏன் ஆகாது என்பதற்கு அவர் தரும் காரணமும் இதுதான். கதையின் பொருளை அந்த எழுத்து மாற்றாமல் இருக்கலாம். பெயர்களின் தொடரை அறுத்துவிடும்.

இதை மிக அழகாகக் காட்டும் ஒரு வாசிப்பு, மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்து ஹெப்ரோனில் 1643இல் மறைந்த ஆபிரகாம் அசூலாயின் நூலில் இருக்கிறது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம்: ஆட்டுமயிரும் சணல்நூலும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே. ஷாத்நேஸ் ட்செமெர் உபிஷ்தீம் என்பவை அதிலுள்ள மூன்று சொற்கள். ஆதாம் பாவம் செய்யுமுன் அவனுக்கு உடலே ஒளியாடையாக இருந்தது. நூலும் இல்லை, கம்பளியும் இல்லை. அவனுக்கு இந்தச் சட்டத்தால் என்ன பயன்? ஆனால் தோராவோ படைப்புக்கு முன்பே இருந்தது. அப்படியானால் அந்த எழுத்துகள் அன்று என்ன சொல்லிக்கொண்டிருந்தன? அசூலாய் அந்த எழுத்துகளையே எடுத்து, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் வேறு விதமாக அடுக்குகிறார். முதற்சொல்லிலிருந்து ‘சாத்தான்’, ‘வலியன்’ என்ற இரண்டு சொற்கள் பிறக்கின்றன, அடுத்ததிலிருந்து ‘நெருக்குபவன்’, மூன்றாவதிலிருந்து ‘பற்றிக்கொள்பவர்கள்’. ஒளியாடையைக் கொடுத்துவிட்டுப் பாம்பின் தோலை வாங்கிக்கொள்ளாதே என்று ஆதாமுக்குச் சொன்ன எச்சரிக்கையாக அது ஆகிவிடுகிறது.

இதில் என்னை ஈர்ப்பது சாமர்த்தியம் மட்டுமில்லை. வாசிப்பு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஆடையைப் பற்றிய கட்டளைக்கே திரும்பி வந்துவிடுகிறது. சட்டத்தை அது ரத்து செய்யவும் இல்லை. அசூலாய் அப்படி வாசித்துவிட்டு ஆட்டுமயிரும் சணலும் கலந்த அங்கியை எடுத்து உடுத்திக்கொள்ளவில்லை. யாத்திராகமத்தில் ‘என் தூதன் உனக்கு முன்னே செல்வான்’ என்னும் பொருளில் வரும் வரியில், ‘என் தூதன்’ என்ற சொல்லின் ஐந்தெழுத்தை மாற்றினால் மிகாவேல் என்ற பெயர் வருவதும் இந்த வகைதான். தூதன் யார் என்ற கேள்விக்குச் சொல்லே விடை தருகிறது. நல்ல எழுத்துமாற்றுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: போன இடத்திலிருந்து கிளம்பிய வசனத்துக்கே அது திரும்ப வேண்டும்.

ஆனால் இந்த அளவுகோலுக்கு அடங்காத ஒருவர் இருக்கிறார். அவரைப் பேசாமல் இந்தப் பொருள் முடியாது. ஆபிரகாம் அபுலாஃபியா, 1240இல் ஸ்பெயினின் சரகோசாவில் பிறந்தவர். தொலைந்த பத்துக் கோத்திரங்கள் வாழ்வதாகச் சொல்லப்படும் சம்பத்தியோன் ஆற்றைத் தேடி இருபது வயதில் கிளம்பி, போர் காரணமாக அக்கோ நகரோடு திரும்பியவர். இத்தாலியின் கபுவாவில் மைமோனிதெஸின் தத்துவத்தைப் பயின்றார். 1271இல், முப்பத்தோராம் வயதில், பார்சிலோனாவில் அவருக்குத் தீர்க்கதரிசன அனுபவம் வாய்த்தது. 1280இல் போப் மூன்றாம் நிக்கோலாஸைச் சந்திக்க ரோமுக்குப் போனார். போப் சொரியானோவில் தங்கியிருந்தார். இந்த யூதன் வந்தால் எரித்துவிட உத்தரவு இருந்தது. அபுலாஃபியா அங்கே சென்றடைந்தபோது போப் திடீரென்று இறந்துபோயிருந்தார். பிரான்சிஸ்கன் துறவிகள் அவரை 28 நாள் அடைத்து வைத்து விட்டுவிட்டார்கள்.

மைமோனிதெஸ் யூதச் சிந்தனையின் மாபெரும் பகுத்தறிவாளர். அவருடைய தத்துவ நூலுக்கு அபுலாஃபியா மூன்று உரைகள் எழுதினார். தீர்க்கதரிசனம் என்பது மேலிருந்து அறிவின் வழியே பெருகி வருவது என்று மைமோனிதெஸ் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதற்கு மனிதன் தன்னைத் தயார் செய்துகொள்ளும் வழி எழுத்துமாற்று என்றார் அபுலாஃபியா. பழகிய பொருள்களும் உருவங்களும் உள்ளத்தை முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கின்றன. அந்த முடிச்சுகளை அவிழ்ப்பதே பயிற்சி. அவருடைய கையேடுகள் செய்முறையைத் துல்லியமாகச் சொல்கின்றன. ஆளில்லாத அறை, முடிந்தால் இரவு. தூய வெள்ளாடை. விளக்குகள் நிறைய ஏற்ற வேண்டும். மையும் எழுதுகோலும் பலகையும் எடுத்துக்கொண்டு, சில எழுத்துகளை மற்றவற்றோடு இணைத்து, திருப்பி, விரைவாக, உள்ளம் சூடேறும் வரை எழுதிக்கொண்டே போக வேண்டும். எழுதுவது முதற்படி, உச்சரிப்பது அடுத்தது, எண்ணத்தால் மட்டும் இணைப்பது கடைசி. உச்சரிக்கும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு. உயிர்க்குறியின் வடிவத்தைத் தலையசைவு பின்பற்றும்: ஓகாரக் குறி எழுத்துக்கு மேலே நிற்பதால் தலை மேலே எழும், இகாரக் குறி கீழே நிற்பதால் தலை தாழும். இந்தக் கலையை அவர் இசையோடு ஒப்பிட்டார்.

அவருடைய மரபைச் சேர்ந்த ஒரு சீடர் 1295இல் தம் பயிற்சியைப் பதிவு செய்திருக்கிறார். எழுத்துகளை இணைத்து நல்ல பொருளுள்ள சொற்கள் கிடைத்ததும் அவற்றோடு நின்றுவிட அவருக்கு ஆசை. ஆசிரியர் விடவில்லை. எவ்வளவு உயர்ந்த வடிவமாக இருந்தாலும் அதில் நிற்காதே, புரியாத பெயர்கள்தான் மேலான பெயர்கள் என்று தள்ளிவிட்டார். ஓர் இரவு, நள்ளிரவுக்குப் பிறகு, கையில் எழுதுகோலும் மடியில் தாளுமாகச் சீடர் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது விளக்கு அணையப் போவதாகத் தோன்றியது. சரி செய்ய எழுந்தார். வெளிச்சம் குறையவில்லை. அது விளக்கிலிருந்து வரவில்லை என்று அப்போதுதான் கண்டார், அவரிடமிருந்தே வந்துகொண்டிருந்தது.

இங்கே எழுத்துமாற்று ஓர் உரைமுறை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. பொருளைக் கண்டுபிடிப்பது போய், பொருளின் பிடியிலிருந்து விடுபடுவது குறிக்கோளாகிறது. தோராவைப் படிக்க ஏழு வழிகள் என்று அபுலாஃபியா எண்ணும்போது, நேர்ப்பொருளை முதற்படியில் வைத்து, எழுத்துகளைத் தனித்தனியாக எடுத்து இணைப்பதை உச்சியருகே வைத்தது அதனால்தான். முதற்படியை அவர் இடிக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பார்சிலோனாவின் பெரும் ரபி சாலமோன் பென் அத்ரெத், சிசிலியின் யூதச் சபைகளுக்கு எழுதி அவரைக் கடுமையாகக் கண்டித்தார். தம்மைத் தீர்க்கதரிசி என்றும் மெசியா என்றும் சொல்லிக்கொண்டவர் அபுலாஃபியா. கண்டனம் வந்ததில் வியப்பில்லை. மால்டாவுக்கும் கோசோவுக்கும் நடுவிலுள்ள கொமினோ என்ற சிறு தீவில் ஒதுங்கி வாழ்ந்து, தம் தரிசனங்களின் நூலை அங்கே எழுதினார். 1291க்குப் பிறகு அவரைப் பற்றிய தடயம் இல்லை. அவர் நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே நூற்றாண்டுகள் கிடந்தன. 1938இல் நியூயார்க்கில் கெர்ஷோம் ஷோலெம் ஆற்றிய சொற்பொழிவுகளும், பிறகு மோஷே ஐடெலின் ஆராய்ச்சியும்தான் அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன.

பென் அத்ரெத்தின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். எதையும் எதுவாகவும் ஆக்கக்கூடிய முறை, அதைக் கையாள்பவரின் விருப்பத்துக்கு அடிமையாகும். 1489இல் பிகோ தெல்லா மிராந்தோலா என்ற இத்தாலியத் தத்துவவாதி, படைப்பு பற்றிய தம் நூலின் முடிவில், வேதத்தின் முதற்சொல்லான பெரெஷித்தை எடுத்துக்கொண்டார். அதன் ஆறு எழுத்துகளிலிருந்து தந்தை, மகன், தொடக்கம், ஓய்வு, நெருப்பு, உடன்படிக்கை என்று பல சொற்களை வரவழைத்து, தந்தை மகன் வழியாக உலகைப் படைத்தார் என்ற கிறித்தவக் கோட்பாட்டையே கோத்துக் காட்டினார். அதே முதற்சொல்லுக்கு யூதர்களின் திக்கூனே ஸோஹார் என்ற மறைஞான நூல் எழுபது விளக்கங்கள் தருகிறது; அதனால் முயற்சி புதிதல்ல. ஆனால் பிகோ ஓரெழுத்தைத் தேவைக்கேற்ப இரண்டு முறை எடுத்துக்கொள்கிறார். ‘நல்ல’ என்ற சொல்லுக்குத் தேத் என்ற எழுத்து வேண்டும். பெரெஷித்தில் அது கிடையாது. ஒலியில் நெருங்கிய தாவ் என்ற எழுத்தை வைத்து ஒப்பேற்றுகிறார். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்பே தீர்மானித்தவரின் வாசிப்பு அது.

இதைவிடக் கசப்பான முடிவு 17ஆம் நூற்றாண்டில் வந்தது. ஸ்மிர்னாவில் பிறந்த சப்பத்தாய் ஸெவி 1665இல் மெசியாவாக அறிவிக்கப்பட்டார். யூதர்கள் காலைதோறும் சொல்லும் வாழ்த்துகளில், கட்டுண்டவர்களை விடுவிப்பவர் என்று கடவுளைப் புகழும் ஒன்று உண்டு: மத்தீர் அசூரீம். ஓர் உயிரை மட்டும் மாற்றி மத்தீர் இஸ்ஸூரீம் என்றார்கள் சப்பத்தாயைச் சேர்ந்தவர்கள். விலக்கப்பட்டவற்றை அனுமதிப்பவர் என்று பொருள். மெய்கள் அப்படியே இருக்க, கட்டளைகள் அத்தனையும் சரிந்தன. 1666இல் அவர் சுல்தான் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவினார். நம்பிச் சொத்துகளை விற்றுப் பயண மூட்டை கட்டிக் காத்திருந்த குடும்பங்களின் துயரத்தை எண்ணினால், இந்த ஓருயிர் மாற்றத்தைச் சிறிய காரியம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த அலையின் பின்விளைவாக 1756இல் புரோடி நகரில் கூடிய ரபிகள், மறைஞானத்தின் முதன்மை நூலான ஸோஹாரை 30 வயதுக்கு முன்பும், மறைஞானி லூரியாவின் மரபு நூல்களை 40 வயதுக்கு முன்பும் படிக்கத் தடை விதித்தார்கள்.

   

தடைக்குப் பிறகும் இந்த மரபு பட்டுப்போகவில்லை என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 1796இல் ஸ்லாவூத்தாவில் அச்சான தன்யா என்ற நூலில், லியாதி ஊர் ஷ்னெயூர் ஸல்மான் எழுப்பும் கேள்வி ஒன்று. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் பத்து வாக்குகளால் உலகைப் படைத்தார். ஒளி உண்டாகட்டும் என்ற வாக்கு இருக்கிறது, ஆகாயவிரிவு இருக்கிறது. கல் உண்டாகட்டும் என்ற வாக்கு எங்கே? எபிரேயத்தில் கல்லுக்கு எவென், அதாவது ஆலெப், பேத், நூன். அந்தச் சொல் பத்து வாக்குகளில் எங்கும் இல்லை. ஆனால் அந்த வாக்குகளின் எழுத்துகள் 231 வாசல்கள் வழியாக மாறி மாறி இறங்கி, எவென் என்ற சேர்க்கையை அடைகின்றன. கல்லைக் கல்லாக நிறுத்தி வைக்கும் உயிர்ப்பு அதுதான் என்கிறார். அந்த எழுத்துகள் ஒரு கணம் விலகினாலும் கல் இல்லாமற்போகும்.

நேராகவே சொல்லியிருக்கலாமே, ஏன் இத்தனை மாற்றங்கள் என்று கேட்பவருக்கும் அவரிடம் விடை உண்டு. பத்து வாக்குகளின் உயிர்ப்பு மிகப் பெரிது. தனித்தனிப் படைப்புகளால் அதை நேரடியாகத் தாங்க முடியாது. எழுத்துகள் இடம் மாறி, ஒன்றுக்கு ஒன்று பதிலாகி, படிப்படியாக இறங்கும்போது அந்த வலிமை சுருங்கி, ஒரு கல் ஏற்கக்கூடிய அளவுக்கு வருகிறது. ஆக, முதன்முதலில் எழுத்தை மாற்றி அடுக்கியவர் கடவுள். செய்ததும் படைப்பின்மேல் கொண்ட இரக்கத்தால். ஷ்னெயூர் ஸல்மானின் வழிவந்த சபாத் ஹசிதியர்கள் தன்யாவை நாளுக்கொரு பகுதியாகப் பிரித்து இன்றும் படித்து வருகிறார்கள். கல்லைப் பற்றிய இந்தப் பக்கம் ஆண்டுதோறும் அவர்கள் முறையில் வந்துவிடும்.